புதன்கிழமை வரை இருங்கள்

தென்மேற்குப் பிரான்சில் நடக்கும் திருமணங்களுக்கு வரவிருக்கும் உறவுகளே, நண்பர்களே,

உங்கள் வீட்டுக்கு ஓர் அழைப்பிதழ் வந்திருக்கிறது. அண்ணன் மகளோ, கூடப் படித்தவரோ, மகனின் அலுவலகத் தோழரோ லொத் ஆற்றின் பக்கத்திலோ தொர்தோஞ் ஆற்றின் பக்கத்திலோ ஒரு பழைய மாளிகையை வாடகைக்கு எடுத்துத் திருமணம் செய்துகொள்ளப் போகிறார்கள். இன்னும் சில நாளில் விமானச் சீட்டு எடுப்பீர்கள். அதற்கு முன் இந்த மடலை நீங்கள் படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம். எடுத்த பிறகு படித்தால் பயன் பாதியாகிவிடும்.

நான் கவோர் நகரத்தின் பக்கத்தில் குடியிருக்கிறேன். கோடை வந்தால் இங்கே வாரம் தவறாமல் திருமணம். வெள்ளிக்கிழமை மாலை துலூஸிலோ பெர்ழராக்கிலோ வந்து இறங்குகிறீர்கள். வாடகைக் கார் நேரே மாளிகை வாசலுக்குப் போகிறது. சனிக்கிழமை முழுக்க அலங்காரம், சடங்கு, விருந்து, ஆட்டம். ஞாயிறு மதியம் நீச்சல் குளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பாடு. மாலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். இந்த மண்ணில் உங்கள் கால் பட்டது சரளைக்கல் போட்ட ஒரு முற்றத்தில் மட்டும். அந்த முற்றமும் குளமும் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

இதில் எனக்கு வருத்தம் இருக்கிறது. அதை மறைத்து எழுத மனம் வரவில்லை. சென்னையிலிருந்து வருபவர் பாரிசுக்கு நான்கு நாள் ஒதுக்குகிறார், எங்கள் ஊருக்கு ஒன்றரை நாள். இலண்டனிலிருந்து வருபவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுப்பதில்லை. பாரிசை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு வேண்டியவர்கள் வாழ்க்கையைத் தொடங்க இந்த மண்ணைத் தேர்ந்தெடுத்தார்களே, ஏன் என்று தெரிந்துகொள்ள இன்னொரு வாய்ப்பு வருமா? அந்த மணமகனும் மணமகளும் வருடக்கணக்கில் சேமித்து, ஒவ்வோர் ஊராகப் பார்த்து, இந்த ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். நீங்கள் அந்த ஆற்றைப் பார்க்காமலே திரும்பிப் போவது அவர்களுக்கும் வலிக்கும். சொல்லமாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

திருமணத்துக்கு வந்த நீங்கள் திருமணத்தை வைத்தே இந்த நாட்டைப் புரிந்துகொள்ளலாம். 1137-இல் போர்தோ நகரத்தின் சேன் ஆந்த்ரே பேராலயத்தில் அக்கித்தேன் நாட்டு வாரிசு எலியனோருக்கும் பிரெஞ்சு இளவரசர் லூயிக்கும் திருமணம் நடந்தது. அவளுக்கு அப்போது பதின்வயதுதான். 1152-இல் அந்த மணம் முறிந்தது. சில வாரங்களில் அவள் ஹென்றி பிளாந்தஜெனே என்பவரை மணந்தாள். இரண்டே ஆண்டில் அவர் இங்கிலாந்தின் அரசர். மணப்பெண்ணோடு அவளுடைய நிலமும் போனது. போர்தோவும் அதைச் சுற்றிய நாடும் 1453-இல் காஸ்தியோன் சண்டையில் ஆங்கிலேயர் தோற்கும் வரை மூன்று நூற்றாண்டு இங்கிலாந்து அரசர்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. இங்கே குன்றுக்குக் குன்று ஒரு கோட்டை நிற்பதற்கு அந்த இழுபறியே பெரிய காரணம். தொர்தோஞ் ஆற்றின் ஒரு கரையில் பெய்னாக் கோட்டையும் மறுகரையில் கஸ்தெல்நோ கோட்டையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பதைப் படகில் போகும்போது பார்ப்பீர்கள். ஆங்கில அரசர் முதலாம் எட்வர்டின் பெயரில் 1284-இல் எழுப்பிய மொன்பசியே ஊரில், சதுரமான நடுச்சந்தையைச் சுற்றிய வளைவு நடைகளும் நேர்கோட்டுத் தெருக்களும் இன்றும் அப்படியே இருக்கின்றன. நீங்கள் தங்கப்போகும் மாளிகையின் சுவரும் அந்தக் காலத்துக் கல்லாக இருக்கலாம். மாளிகைக்காரரிடம் கேளுங்கள். அவர்களுக்கு அதைச் சொல்லப் பிடிக்கும்.

இன்னொரு திருமணம் கடற்கரையில் நடந்தது. பிரான்சும் ஸ்பெயினும் பல ஆண்டு சண்டையிட்டுக் களைத்து, 1659-இல் எல்லை ஆற்றின் நடுவே உள்ள ஒரு சிறு தீவில் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டன. அதை உறுதிப்படுத்த, பதினான்காம் லூயி 1660 ஜூன் மாதம் ஸ்பெயின் இளவரசி மரியா தெரேசாவை சேன்-ழான்-த-லூஸ் ஊர்த் தேவாலயத்தில் மணந்தார். மணமக்கள் வெளியே வந்த கதவை, இனி வேறு யாரும் அதன் வழியே போகக்கூடாது என்று கல் வைத்து அடைத்துவிட்டார்கள் என்பது ஊர்ப்பேச்சு. அடைத்த கதவு இன்றும் இருக்கிறது. உங்கள் அழைப்பிதழ் பாஸ்க் நாட்டுப் பக்கம் என்றால் அந்த ஆலயத்தின் உள்ளே போய், மூன்று பக்கமும் அடுக்கடுக்காக எழும் மரமாடங்களைப் பாருங்கள்.

ஆனால் கவோர் பக்கம் திருமணம் என்றால் தயவுசெய்து அங்கே போகாதீர்கள். ‘தென்மேற்குப் பிரான்ஸ்’ என்று இரண்டு சொல்லில் அச்சிட்டுவிடுகிறார்கள். அதற்குள் அட்லாண்டிக் கடலும் பிறனே மலையும் போர்தோவின் திராட்சைத் தோட்டங்களும் கஸ்கோன் குன்றுகளும் எங்கள் சுண்ணாம்புப் பீடபூமியும் அடங்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காரில் ஒரு பகல் முழுதும் ஆகும். ஒரு வேனைப் பிடித்துக் காலையில் சர்லா, மதியம் ரொக்கமதூர், மாலையில் சேன்தெமிலியோன் என்று அலைபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். வண்டி நிறுத்துமிடத்தைத் தவிர அவர்கள் எதையும் பார்ப்பதில்லை. ஒரே ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள். அது திருமணம் நடக்கும் பள்ளத்தாக்காகவே இருக்கட்டும்.

இனி நான் அறிந்த பள்ளத்தாக்கைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் மேரிக்கு வாருங்கள். ஊர் நிர்வாக அலுவலகமான மேரியில் நடக்கும் பதிவுத் திருமணத்தை வெறும் கையெழுத்து வேலை என்று நினைத்துப் பலர் வருவதில்லை. மாளிகையில் தலைவாரிக்கொண்டிருப்பீர்கள். பிரெஞ்சுச் சட்டத்துக்கு அதுதான் திருமணம். அது முடியாமல் தேவாலய மணமும் நடக்கக்கூடாது. மூவண்ணப் பட்டையை அணிந்த மேயர் எழுந்து நின்று, கணவன் மனைவியின் கடமைகளைச் சொல்லும் சட்டப் பிரிவுகளை உரக்கப் படிப்பார். ஒருவரையொருவர் மதித்தல், உண்மையாயிருத்தல், துணை நிற்றல் என்று அந்தப் பிரிவுகள் தொடங்கும். அறையின் கதவு திறந்தே இருக்க வேண்டும். ஊரில் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். சில நூறு பேர் வாழும் ஊரில் மேயர் பெரும்பாலும் ஒரு விவசாயியாகவோ ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ இருப்பார். சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக வந்திருப்பார். எதிரே பாதி நாற்காலி காலியாக இருந்தால் அவர் மனம் என்ன நினைக்கும்? சனிக்கிழமை இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ அங்கே இருங்கள். முடிந்ததும் எதிரே உள்ள போர் நினைவுத்தூணை ஒரு நிமிடம் பாருங்கள். 1914 முதல் 1918 வரை இறந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வரும். இந்தச் சின்ன ஊர் எத்தனை பேரைக் கொடுத்தது என்று எண்ணினால், தெருவில் ஏன் இத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்பதில் ஒரு பகுதி புரியும்.

அடுத்தது, விருந்துக்கு முன் தரும் பானம். மாலைச் சாப்பாட்டுக்கு அழைக்காதவர்களையும் இதற்கு அழைப்பது இங்கே வழக்கம். அடுத்த வீட்டுக்காரர், ரொட்டிக்கடைக்காரர், மணமகனின் பழைய பள்ளி ஆசிரியை எல்லாரும் வருவார்கள். நீங்கள் உங்கள் வட்டத்தில் நின்று தமிழில் பேசிக்கொண்டிருப்பீர்கள், அவர்கள் அவர்களுடைய வட்டத்தில். அந்த இடைவெளியை நீங்கள்தான் கடக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் கூச்சக்காரர்கள். ‘போன்ழூர்’ என்று முகம் பார்த்துச் சொன்னால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கடையிலும் அப்படித்தான். நுழைந்ததும் போன்ழூர் சொல்லாமல் விலை கேட்பது இங்கே அவமதிப்பு. அதைத் தெரியாமல் செய்துவிட்டு, ‘இந்த ஊர்க்காரர்கள் சிடுசிடுப்பு’ என்று சொல்லிப் போனவர்கள் உண்டு. அது நியாயமே இல்லை.

இரவில் ஒருவேளை நடுநிசிக்குப் பிறகு யாராவது சட்டி நிறையப் பூண்டு சூப் கொண்டுவந்தால் ஒதுங்கிவிடாதீர்கள். ‘தூரேன்’ என்பார்கள். புதுமணத் தம்பதியரின் அறைக் கதவைத் தட்டி அதைக் குடிக்க வைப்பது இந்தப் பகுதியின் பழைய வழக்கம். சில குடும்பங்கள் இன்னும் விடாமல் செய்கின்றன. சைவம் மட்டும் உண்பவர்கள் கவனியுங்கள், அதில் வாத்துக் கொழுப்பு சேர்ப்பார்கள்.

இப்போது ஞாயிறு மாலைக்கு வருகிறேன். அங்கேதான் நம் வழி பிரிகிறது. உங்களோடு வந்தவர்கள் கிளம்புவார்கள். நீங்கள் இருந்துவிடுங்கள்.

திங்கட்கிழமை காலை பெஷ் மெர்ல் குகைக்குப் போங்கள். நான் சொல்லும் எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கப்ரரே என்ற சிற்றூருக்கு மேலே, காட்டுக்குள் இருக்கிறது. 1922-இல் இரண்டு பதின்வயதுப் பையன்கள் ஊர்ப் பாதிரியார் லெமோசி ஊட்டிய ஆர்வத்தில் ஒரு குறுகிய பிளவுக்குள் ஊர்ந்து போய் இதைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே பாறையில் இரண்டு குதிரைகள், முதுகோடு முதுகு ஒட்டியபடி, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளிகள். வரைந்து ஏறத்தாழ 29,000 ஆண்டு ஆகிறது. வலப்பக்கக் குதிரையின் தலை இருக்கும் இடத்தில் பாறையே குதிரைத் தலை வடிவில் நீண்டிருக்கிறது. வரைந்தவர் அந்தப் பாறையை முதலில் பார்த்து, அதற்குள் குதிரை இருப்பதை உணர்ந்து, பிறகு வண்ணத்தை எடுத்திருக்க வேண்டும். அவற்றைச் சுற்றிக் கைகளின் பதிவுகள். கையைப் பாறையில் வைத்து அதன் மேல் வண்ணத்தை ஊதியிருக்கிறார்கள். விரல்கள் தெளிவாகத் தெரிகின்றன. இன்னோர் இடத்தில் ஒரு காலத்தில் ஈரமாயிருந்த களிமண் தரை, அதில் ஒரு சிறுவரின் காலடித் தடம்.

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். லஸ்கோ குகையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1940 செப்டம்பரில் நான்கு இளைஞர்கள் கண்டுபிடித்தார்கள், 1948-இல் மக்களுக்குத் திறந்தார்கள். ஆயிரக்கணக்கில் போன மனிதர்களின் மூச்சும் ஈரமும் ஓவியங்களைக் கெடுத்தன, பாறையில் பாசி படர்ந்தது. 1963-இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ குகையை மூடிவிட்டார். இன்று மொந்தினியாக் ஊரில் நீங்கள் பார்ப்பது நுட்பமாகச் செய்த நகல். 2016-இல் திறந்த அந்த நகலும் பார்க்கத் தக்கதுதான், நடக்க முடியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வசதியானது. ஆனால் பெஷ் மெர்லில் நீங்கள் நிற்பது உண்மையான ஓவியத்தின் முன்னால். ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் விடுவதில்லை. அதனால் அழைப்பிதழுக்குப் பதில் அனுப்பும் அன்றே குகைக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள். கோடையிலும் உள்ளே 12 பாகை குளிர், ஒரு சால்வை கொண்டு போங்கள். படம் எடுக்க விடமாட்டார்கள். எதையும் தொடாதீர்கள், சுவரில் சாயாதீர்கள். நம் மூச்சே கேடு செய்யும் இடத்துக்குள் நம்மை நம்பி விடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு உரியவராக நடந்துகொள்ளுங்கள் என்று கேட்கும் உரிமை இந்த ஊரில் வாழும் எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

குகையிலிருந்து கீழே இறங்கிச் சற்றுத் தூரம் போனால் லொத் ஆறு. செங்குத்தான பாறையின் உச்சியில் சேன் சீர் லப்போப்பி என்ற ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும். கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன் இங்கே ஒரு வீடு வாங்கிக் கோடைகளைக் கழித்தார். ஆகஸ்ட் மாதம் நண்பகலில் அங்கே போகாதீர்கள். தெருவில் ஆட்களின் முதுகைத்தான் பார்ப்பீர்கள், அங்கே குடியிருப்பவர்களால் கதவைத் திறக்க முடியாது. மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள். ரொக்கமதூருக்கும் இதே வேண்டுகோள். பாறையோடு ஒட்டிய அந்தப் புனிதத் தலத்துக்கு யாத்திரிகர்கள் 216 படிகளை முழந்தாளிட்டே ஏறியிருக்கிறார்கள். மேலே சிறு கோவிலில் கரிய மாதா. வேண்டுதல் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் நீங்கள். காலை எட்டு மணிக்குப் போய், பேச்சைக் குறைத்துப் பாருங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு மின்தூக்கி இருக்கிறது.

பதிராக் பாதாளமும் பக்கம்தான். தரையில் வாய் பிளந்த பெரும் குழி, நூறு மீட்டருக்கும் கீழே ஓடும் ஆற்றில் படகுச் சவாரி. குழந்தைகள் மறக்கமாட்டார்கள். அதற்கும் முன்பதிவு வேண்டும்.

எழுத்தின் மேல் பற்றுள்ளவர்கள் ஃபிழாக் நகரத்துக்குப் போகாமல் திரும்பக்கூடாது. எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய ஷம்பொலியோன் 1790-இல் பிறந்தது அங்கேதான். அவர் பிறந்த வீடு இருக்கும் இடத்தில் உலக எழுத்துகளின் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். பின்புறம் உள்ள சிறு முற்றத்தில் தரை முழுக்க, அந்த எழுத்தைப் படிக்க அவருக்கு உதவிய ரொசெத்தா கல்லின் பெரிய நகலைக் கருங்கல்லில் பதித்திருக்கிறார்கள். நீங்கள் அந்த எழுத்துகளின் மேலேயே நடக்கலாம். பிள்ளைகளை அதன் மேல் ஓடவிடுங்கள். மூன்று எழுத்து முறைகளையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

தொர்தோஞ் பக்கம் திருமணம் என்றால், மிலாந்து மாளிகைக்குப் போங்கள். மாளிகைத் திருமணத்துக்கு வந்தவர்கள் பார்க்க வேண்டிய மாளிகை என்று நான் சொல்வேன். அமெரிக்காவில் நிறவெறியைப் பார்த்துப் பிரான்சுக்கு வந்த பாடகி ஜோசஃபின் பேக்கர், போர்க்காலத்தில் இந்த நாட்டின் எதிர்ப்பு இயக்கத்துக்குத் துணை நின்றவர், அதில் வாழ்ந்தார். பல நாடுகளிலிருந்து 12 குழந்தைகளைத் தத்தெடுத்து, நிறமும் மதமும் வேறான பிள்ளைகள் உடன்பிறப்புகளாக வளர முடியும் என்று காட்ட முயன்றார். கடனில் மூழ்கி அந்த வீட்டை இழந்து வெளியேற வேண்டியிருந்தது. 2021-இல் பிரான்ஸ் அவரை, நாட்டின் பெரியோருக்கான நினைவிடமான பாந்தியோனில் ஏற்றுக்கொண்டது. இரண்டு நாட்டு, இரண்டு நிறத்துக் குடும்பங்கள் ஒன்றாகும் திருமணத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு, அந்த அறைகளில் நடக்கும்போது தோன்றுவது மற்றவர்களுக்குத் தோன்றாது.

செவ்வாய்க்கிழமையைக் கவோருக்குக் கொடுங்கள். லொத் ஆறு நகரத்தை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. 14-ஆம் நூற்றாண்டில் கட்டிய வலோந்த்ரே பாலம் மூன்று கோபுரங்களோடு நிற்கிறது. கட்ட நாளானதால் கொத்தனார் பிசாசின் உதவியை வாங்கினாராம். கடைசி வேலையாகச் சல்லடையில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அதை ஏமாற்றினாராம். கோபத்தில் அது நடுக்கோபுரத்தின் ஒரு கல்லை மட்டும் இரவுதோறும் பிடுங்கிப் போட்டதாம். 1879-இல் பாலத்தைப் பழுதுபார்த்தபோது, அந்த இடத்தில் கல்லைப் பிடுங்க முயலும் ஒரு சிறு பிசாசையே செதுக்கி வைத்துவிட்டார்கள். பிள்ளைகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கே விளையும் திராட்சை மால்பெக். அதன் மதுவைக் ‘கறுப்பு மது’ என்பார்கள். குடிப்பவரோ இல்லையோ, ஒரு தோட்டக்காரரின் கதவைத் தட்டுங்கள். ஏனென்றால் இந்தத் தோட்டங்களின் கதை ஒரு மண்ணின் கதை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலொக்செரா என்ற வேர்ப்பேன் கொடிகளை அழித்தது. பிழைப்பு போய் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். மேட்டு நிலத்தில் நீங்கள் காணும் கருவாலிப் புதர்க்காட்டுக்குள் போனால் இடிந்த கற்சுவர்களும் சாந்து இல்லாமல் அடுக்கிய குடில்களும் கிடக்கும். அவையெல்லாம் ஒரு காலத்தில் கொடி நின்ற நிலம். மிஞ்சியதையும் 1956 பிப்ரவரியின் கடும் உறைபனி கொன்றது. அதற்குப் பிறகு மறுபடி நட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று உங்களுக்குக் கதவைத் திறப்பார்கள். திருமண விருந்தில் ஊற்றிய போத்தலின் பின்னால் இருப்பது இது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஓட்டுபவர் குடிக்கக்கூடாது. இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராமுக்கு மேல் இருந்தால் குற்றம், சாலைகளோ குறுகலானவை, இரவில் கூப்பிட்டால் வர வாடகை வண்டி கிடைக்காது.

சாப்பாட்டைப் பற்றி உங்களில் பலர் பயப்படுகிறீர்கள். இது வாத்து நாடு, உண்மைதான். கொழுப்பில் வேகவைத்த வாத்துத் தொடையும் வாத்து ஈரலும் எல்லா மேசையிலும் இருக்கும். சைவர்கள் ‘உருளைக்கிழங்கு தானே’ என்று சர்லா வறுவலை எடுத்துவிடாதீர்கள், அதையும் வாத்துக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். வாய்விட்டுக் கேளுங்கள், மறைக்கமாட்டார்கள். ஆனால் ‘இங்கே சாப்பிட ஒன்றுமில்லை’ என்று சொல்லிப் பெட்டியிலிருந்து முறுக்கை எடுப்பது இந்த மண்ணுக்குச் செய்யும் அநியாயம். நான் புதன்கிழமை வரை இருக்கச் சொல்வதற்குக் காரணமே இதுதான். புதன் காலையும் சனிக் காலையும் கவோர் பேராலயத்தின் முன்னால் சந்தை கூடுகிறது. சனிக்கிழமை நீங்கள் பட்டுப் புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருப்பீர்கள், ஆகவே புதன். உள்ளங்கை அளவுகூட இல்லாத ரொக்கமதூர் ஆட்டுப்பாலாடைக் கட்டி, வெட்டும் முன்பே மணக்கும் கெர்சி முலாம்பழம், புது அக்ரூட் கொட்டையும் அதை ஆட்டிய எண்ணெயும், ஆழானின் உலர்ந்த பிளம், செப்டம்பர் என்றால் முவாசாக்கின் பொன்னிற ஷஸ்லா திராட்சை. விற்பவர்தான் விளைவித்தவர். சுவைத்துப் பார்க்கத் துண்டு நறுக்கிக் கொடுப்பார். அக்ரூட் எண்ணெயைத் தக்காளி மேல் ஊற்றி ரொட்டியோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஊருக்கு ஒரு மாலை என்று இரவுச் சந்தைகளும் உண்டு. ஊர்நடுவில் நீள மேசைகள் போடுவார்கள், விவசாயிகள் அங்கேயே சமைத்துத் தருவார்கள், தட்டும் கரண்டியும் நீங்கள் கொண்டுபோக வேண்டும். எதிரே யார் உட்கார்ந்தாலும் பேச்சு தொடங்கிவிடும். மாளிகையில் பத்து மடங்கு செலவில் கிடைக்காத ஒன்று அந்த மேசையில் கிடைக்கும். ஒரு நடைமுறைச் செய்தி: உணவகங்கள் பகலில் 12-லிருந்து 2 வரைதான், திங்கட்கிழமை பல கடைகள் அடைப்பு. நம் வழக்கப்படி மூன்று மணிக்குப் பசியோடு போய் நின்றால் யாரும் அடுப்பைப் பற்றவைக்கமாட்டார்கள்.

துலூஸிலிருந்து விமானம் என்றால் அன்று அரை நாள் அந்தச் செங்கல் நகரத்துக்கு. அசெசா மாளிகையின் முற்றத்தில் போய் நில்லுங்கள். பஸ்தெல் என்ற செடியின் இலையிலிருந்து எடுத்த நீலச் சாயத்தை விற்றுப் பணம் குவித்த வணிகர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஐரோப்பாவுக்கே நீலம் கொடுத்துச் செழித்த ஊர் இது. மதச்சண்டைகளும், கப்பலில் இந்தியாவிலிருந்து வந்த அவுரியும் அந்த வணிகத்தைச் சாய்த்தன. அவுரி நீலம் இதைவிட மலிவாகவும் அடர்த்தியாகவும் சாயம் ஏற்றியது. நம் ஊர்ப் புதர்ச்செடி ஒன்று இந்தத் தூரத்து நகரத்தின் செல்வத்தை முடித்து வைத்தது என்று அந்த முற்றத்தில் நின்று நினைக்கும்போது, ‘நமக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு’ என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

உங்கள் தடைகள் எனக்குத் தெரியும். விடுப்பு கிடைக்காது, பிள்ளைகளுக்குப் பள்ளி, செலவு. விடுப்புக்கு நான் என்ன சொல்ல முடியும், பாரிசிலிருந்து மூன்று நாளைக் கழித்து இங்கே சேருங்கள் என்பதைத் தவிர. செலவு இங்கே ஏறாது, குறையும். ஞாயிற்றுக்கிழமை இரவோடு மாளிகையைக் காலி செய்துவிட்டு, ஏதாவது ஒரு பண்ணை வீட்டில் அறை எடுங்கள். பாரிஸ் ஹோட்டலைவிட மிகக் குறைவான வாடகை, காலையில் அவர்கள் தோட்டத்துப் பழத்தில் செய்த ஜாம். அந்த வாடகை போகும் கை யாருடையது என்பதையும் எண்ணுங்கள். திருமணப் பணத்தின் பெரும்பகுதி மாளிகைக்காரருக்கும் தொலைவிலிருந்து வரும் சமையல் நிறுவனத்துக்கும் போகிறது. இசையின் இரைச்சலும் காரின் தூசியும் ஊருக்கு மிஞ்சுகின்றன. உங்கள் மூன்று நாள் தங்கல் ரொட்டிக்கடைக்கும் பண்ணைக்கும் சந்தைக்காரருக்கும் போய்ச் சேரும். இங்கே பல ஊர்களில் கடைசி ரொட்டிக்கடையும் போய்விட்டது. இருக்கும் கடை இருப்பது இத்தகைய சின்னச் சின்ன வரவினால்தான்.

ஆகவே கேட்கிறேன். அழைப்பிதழோடு வந்த பதில் அட்டையை இன்று மாலை எடுங்கள். ‘வருகிறோம்’ என்பதோடு நிறுத்தாமல், ‘மேரிக்கும் வருகிறோம், புதன்கிழமை வரை இருப்போம், பக்கத்தில் தங்க ஒரு பண்ணை வீடு சொல்லுங்கள்’ என்று எழுதுங்கள். திரும்பும் சீட்டைப் புதன் மாலைக்கு எடுங்கள். பெஷ் மெர்லுக்குத் திங்கட்கிழமை காலை நேரம் ஒன்றைப் பதிவு செய்யுங்கள். கூட வரும் சித்தப்பா, அத்தை, நண்பர்கள் எல்லாருக்கும் இந்த மடலை அனுப்பி, அவர்கள் சீட்டு எடுக்கும் முன் ஒருமுறை தொலைபேசியில் பேசிவிடுங்கள்.

உங்கள் வரவை எதிர்நோக்கும்,
கவோர்ப் பக்கத்துத் தமிழர் ஒருவர்